அரை அளவு குளோரின்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் அவரைக் குளோரின் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் காவலாளியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலை ஐந்தரைக்கு வருவார். நீச்சல் குளத்தில் மிதக்கும் சருகுகளையும் பூச்சிகளையும் நீண்ட கம்பு வலையால் அள்ளுவார். வடிகட்டியைத் திறந்து, அடைத்திருக்கும் முடிக்கற்றைகளைப் பிடுங்கிப் போடுவார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் குளத்து நீரை எடுத்து மாத்திரை போட்டுக் குலுக்குவார்.

முதல் மாத்திரையில் தண்ணீர் எவ்வளவு ரோஸ் நிறமாகிறதோ, அவ்வளவு குளோரின் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கிறது என்று பொருள். அதே குப்பியில் இரண்டாவது மாத்திரை போட்டதும் நிறம் இன்னும் ஏறினால், ஏறிய அளவு கெட்டுப்போன குளோரின். அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து, கண்ணை எரிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாமல் போனது.

விடுமுறை தொடங்கிய இரண்டாவது வாரம் முதல் மாத்திரை வெளிறிய ரோஸும், இரண்டாவது மாத்திரை அடர்ந்த ரோஸும் காட்டின. காலையிலிருந்து மாலை வரை நாற்பது பிள்ளைகள் விழுந்து புரண்டால் வேறென்ன ஆகும்? அவர் மருந்தைக் கூட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் படியிறங்கி வந்தார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நின்று பேசினாலும் வகுப்பெடுப்பது போலவே இருக்கும்.

"என்னப்பா, மருந்தை மூட்டை மூட்டையா கொட்டுறியா? பிள்ளைங்க கண்ணெல்லாம் மிளகாப்பழம் மாதிரி சிவந்து கெடக்கு. காலையிலேர்ந்து மூணு அம்மாக்கள் என் வீட்டு வாசல்ல."

"கொட்டலை சார். பத்தாததுனாலதான் சிவந்திருக்கு."

"எது பத்தலை?"

"குளோரின் சார்."

செயலாளர் சிரித்தே விட்டார். "நெருப்பு எரியுது, எண்ணெய் பத்தலைங்கிற. உள்ள நுழையும்போதே மூக்கைத் துளைக்குதே, அது என்ன மல்லிகை வாசனையா?"

"நல்ல குளத்துக்கு வாசனையே இருக்காது சார். இப்படி நெடி அடிச்சா குளோரின் செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒரு நாள் பூட்டி வெச்சு, முழு அளவு போட்டு, கொஞ்சம் தண்ணிய மாத்தணும். பிள்ளைங்க இறங்கறதுக்கு முன்னாடி ஒரு குளியல் போடணும். அப்புறம்..." அவர் தயங்கினார். "உள்ளேயே ஒண்ணுக்குப் போகக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். செயலாளரின் முகம் இறுகிவிட்டது.

"எங்க வீட்டுப் பிள்ளைங்க குளத்துல ஒண்ணுக்குப் போறாங்கன்னு சொல்றியா?"

"எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் போகும் சார்."

குப்பியை நீட்டிக் காட்டினார். செயலாளர் அதைப் பார்க்கவில்லை. இன்று முதல் பாதி அளவுதான் என்றும், விடுமுறையில் ஒரு நாள்கூடப் பூட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டு, மருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து காவலாளி அறையைத் திறந்து, அரை வாளி அளந்து கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது குளோரின் மாமாவுக்குப் புதிதல்ல. இந்த முறை அம்பலமே குளத்தங்கரைக்கு இறங்கி வந்திருந்தது. அப்போதும் ஏறவில்லை.

சாவி போன அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் ஆயத்த ஆடை ஆலையில் காலர்களுக்குப் பொத்தான் துளை தைப்பவள்.

"வெளியில வாங்கி நானே போட்டுடலாமான்னு பாக்குறேன்."

"ஏங்க, அவங்க குளம், அவங்க கண்ணு. தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிட்டு, விஷம் கலந்தான்னு வேற சொல்லுவாங்க. கம்முனு இருங்க."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் தன் கைக்கு எட்டியதை மட்டும் செய்தார். கரையேறும் ஒவ்வொரு பிள்ளையையும் குழாயடிக்கு அனுப்பினார். "கசக்காத, கசக்காத. நல்ல தண்ணிய ஊத்தி, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவு. எரிஞ்சா ஈரத்துணிய மேல வெச்சுட்டுப் படு." பாதிப் பிள்ளைகள் கேட்டன. மீதி, கசக்கிக்கொண்டே ஓடின.

தவறாமல் கேட்டவள் நான்காவது மாடிப் பெண். பத்து வயது. எல்லோரும் மீன்குட்டி என்பார்கள். பள்ளிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டிக்குத் தினமும் காலையில் முப்பது சுற்று நீந்துவாள். அவளுடைய நீச்சல் கண்ணாடியின் வார் அறுந்தபோது அவர்தான் நைலான் நூலால் தைத்துக் கொடுத்தார். குளத்தின் தரைக்கோடுகள் நாளுக்கு நாள் மங்கி வந்தன. "மாமா, கோடு தெரியவே மாட்டேங்குது" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

மருந்தைக் குறைத்த பத்தாம் நாள் காலை மீன்குட்டி நீந்த வரவில்லை. அம்மாவோடு லிஃப்டிலிருந்து வந்தாள். இடது கண் வீங்கி, இமைகள் பீளையில் ஒட்டிக் கிடந்தன. வெளிச்சம் பட்டதும் முகத்தை அம்மாவின் இடுப்பில் புதைத்துக்கொண்டாள்.

"பாருங்கண்ணே, உங்க மருந்து பண்ணின வேலைய" என்றாள் அம்மா. கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம்.

அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. "பாப்பா, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதா?" தலையாட்டினாள். "காதுக்கு முன்னாடி அமுக்கினா வலிக்குதா?" அவளே அமுக்கிப் பார்த்து, ஆமாம் என்றாள்.

முன்பு வேலை பார்த்த குளத்தில் இதை ஒரு முறை பார்த்திருக்கிறார். தண்ணீர் எரிச்சல் என்றால் இரண்டு கண்ணும் சேர்ந்து சிவக்கும், சாயங்காலத்துக்குள் தணிந்துவிடும். ஒரு கண்ணில் ஆரம்பித்து, வெளிச்சத்துக்குக் கூசுவது தொற்று.

"அம்மா, இது ஒட்டுற கண்வலி. இன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. துண்டு, தலையணை எல்லாம் தனியா வெச்சுக்கணும். கையை அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவணும்."

"பக்கத்து வீட்டு அக்கா சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. அவங்களுக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சாம்."

"ஒருத்தருக்குத் திறந்த குப்பிய இன்னொருத்தர் போடக் கூடாதும்மா. அது எதுக்குக் குடுத்த மருந்தோ, என்னவோ. சில சொட்டு, சிவப்பை மட்டும் அடக்கிட்டு உள்ள வேற வேலை பண்ணிடும்."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க குளத்தைப் பாருங்கண்ணே. பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரத்துக்குள் பதினோரு வீடுகளில் கண்வலி. அப்போதும் குளம் திறந்தே இருந்தது. ஒருவர் தேனை ஊற்றினார், இன்னொருவர் பன்னீரை ஊற்றினார். லிஃப்டில் ஏறியவர்கள் பொத்தானை முழங்கையால் அழுத்தினார்கள். செயலாளரே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அரை வாளியைக் கால் வாளியாக்கினார். "சார், இப்ப குறைச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்த குளோரின் மாமாவைக் கையமர்த்தினார். "உன்கிட்ட கேட்டா சமுத்திரத்துக்கே குளோரின் போடச் சொல்லுவ."

பிறகு குளோரின் மாமாவுக்கும் கண்வலி வந்தது. இமைக்குள் மணலை அரைப்பது போல. கண் மருத்துவர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, வைரஸ் என்றார். கொல்லும் மருந்து இல்லை, தானாக அடங்க வேண்டும். உறுத்தலுக்குக் கண்ணீர் போன்ற சொட்டு, குளிர்ந்த துணி, வீட்டில் யாருக்கும் கொடுக்காமல் விலகி இருப்பது, அவ்வளவுதான். பார்வை மங்கினால் உடனே வரச் சொன்னார்.

அவர் வீடு ஒற்றை அறை. அதில் எங்கே விலகுவது? கதவோரம் பாய் போட்டுக்கொண்டார். தன் துண்டில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு வைத்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்த கையைக் கழுவிவிட்டு, கழுவிய கையால் மறுபடி குழாயை மூட வேண்டியிருப்பதை எண்ணி நின்றார். எட்டாம் நாள் மனைவி காலையில் எழுந்து, "ஏங்க, என் கண்ணைப் பாருங்க" என்றாள். பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆலை வாசலிலேயே மேற்பார்வையாளர் அவளைத் திருப்பி அனுப்பினார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அதற்கிடையில் குளத்தைப் பூட்டியிருந்தார்கள். நோய் அடங்கி அவர் வேலைக்குத் திரும்பியதும் தண்ணீரை வெளியேற்றச் சொன்னார்கள். தரையில் வழவழவென்று பாசி படிந்திருந்தது. தேய்ப்பானால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மீன்குட்டியின் அம்மா வந்து நின்றாள்.

"வீக்கம் வத்திடுச்சுண்ணே. ஆனா பார்வை புகை படிஞ்ச மாதிரி இருக்குங்கிறா. கருவிழியில பொட்டுப் பொட்டா தழும்பாம். வாரக் கணக்கும் ஆகலாம், மாசக் கணக்கும் ஆகலாம்னு டாக்டர் சொல்றாரு. போட்டி போயிடுச்சு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சொட்டு போட்டதாலயா?"

"தெரியலைம்மா. இந்த நோயே சில பேருக்கு அப்படித்தான் பண்ணும்." அது அவளுக்கு ஆறுதலா என்று அவருக்குத் தெரியவில்லை. "டாக்டர் தண்ணியப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"மருந்து சரியாப் போடாத தண்ணியிலயும் பரவும்னாரு."

"அதைச் சங்கக் கூட்டத்துல சொல்றீங்களா?"

அவள் காலி குளத்தைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் வேண்டாங்கிறாரு. ஒரே கட்டடத்துல இருந்துட்டு, செயலாளரோட எதுக்கு வம்புன்னு..."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அவரைக் கூப்பிடவில்லை. திங்களன்று காவலாளி ஒரு தாளையும் பசை டப்பாவையும் கொண்டுவந்து, குளத்துக் கதவில் ஒட்டச் சொன்னார். குளோரின் மாமா நான்கு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டினார்.

சாயங்காலம் மீன்குட்டி வந்தாள். அவளுக்குப் பெரிதான ஒரு கறுப்புக் கண்ணாடி, யாருடையதோ, மூக்கிலிருந்து வழுக்கியது. தாளுக்கு மிக அருகில் போனாள், பின்வாங்கினாள்.

"எழுத்தெல்லாம் கலையுது. படிச்சுச் சொல்லுங்க மாமா."

அவர் தேய்ப்பானைச் சுவரில் சாத்தினார். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ஊழியரின் கவனக்குறைவால் குளோரின் அளவுக்கு அதிகமாகக் கலக்கப்பட்டு, குழந்தைகளின் கண்கள் பாதிக்கப்பட்டதால், மறு அறிவிப்பு வரும்வரை குளம் மூடப்பட்டிருக்கும்."

"ஊழியர்னா நீங்களா?"

"ஆமா."

"நீங்க நிறையப் போட்டீங்களா?"

"இல்லடா."

"அப்புறம் ஏன் ஒட்டினீங்க?"

அவர் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பசை காய்ந்திருந்தது. மீன்குட்டி கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி லிஃப்டை நோக்கி நடந்தாள். படி இருக்கும் இடம் வந்ததும் நின்று, காலால் துழாவினாள். அவர் ஓடிப்போய்க் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.