அபாயம் 440

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். நான் ஒத்துக்கொள்வதில்லை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று கேட்பது கோபமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் இருபத்தாறு வருடமாக நான் எலெக்ட்ரீஷியன். அந்த இரைச்சலில் கேட்டுக் கேட்டே என் தொண்டை பெருத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் மகள் ஸ்நேகாவும் ஊரோடு சேர்ந்தவள்தான். கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வைபை வந்த அன்று அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளைக் கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் 'அபாயம் 440' என்று தட்டினாள். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டையோடு போட்டுத் தொங்குமே, அந்தப் பலகையில் இருப்பது.

"உள்ள வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடணும்ல நைனா" என்றாள்.

என் மனைவி கங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸ்நேகா வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு மாதமாகிறது.

அவள் கட்டிக்கொண்டது ஸ்டீபனை. எங்கள் ஆலையில் எனக்குக் கீழே கான்ட்ராக்டில் வேலை செய்தவன். வேலையில் குறை சொல்ல முடியாத பையன். சர்ச்சுக்குப் போகிறவன் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். என்னைக் கொன்றது வேறு. இரண்டு வருடமாக அவர்கள் பழகியது கேன்டீன்காரனுக்குத் தெரியும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குத் தெரியும், கங்கம்மாவுக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்தது எனக்கு. திருவள்ளூர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், மாலையோடு நின்றவளைப் பார்த்து, "இனிமே என் ஊட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். ஸ்டீபனின் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. அவன் அத்திப்பட்டுப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போனான். அங்கேயே வீடு பிடித்து அவளையும் கூட்டிக்கொண்டு போனான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாதத்தில் ரவுட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு தரம் தானாக நின்று போகும். கேபிள்காரன் வந்து, "பழைய மாடல் சார், கம்பெனியே கைவிட்டுட்டாங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது. கருகிப்போன மோட்டாருக்கே காயில் சுற்றி ஓட வைப்பவன் நான். நெட்டில் தேடினேன். கம்பெனி கைவிட்ட ரவுட்டருக்கு, யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் வேறு பர்ம்வேர் உண்டாம். உள்ளே ஓடும் மென்பொருளையே மாற்றிவிடுவது. பெட்டி அதேதான், மூளை மட்டும் புதுசு. ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வார லீவில், காலை பத்து மணிக்கு, ரவுட்டரை இன்வெர்ட்டரில் போட்டேன். ஸ்நேகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கவர்மென்ட் கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கி ஒயரால் இணைத்தேன். பைலை ஏற்றினேன். ஆறு நிமிடம் ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது. புது மூளை பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. பழையதையே போட்டேன். பழக்கதோஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரவுட்டர் நிற்கவே இல்லை. பழைய மூளையில் இல்லாத ஒன்றும் இதில் இருந்தது. எந்த போன் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று வரி வரியாக எழுதி வைத்தது. மூன்றாம் நாள் சும்மா அதைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

'பாப்பா. காலை 5:52. இரண்டு நிமிடம் எட்டு நொடி.'

அந்த போனை ஸ்நேகாவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதற்கு 'பாப்பா' என்று பெயர் வைத்தவனும் நான். அவள் இப்போது சிப்காட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். அத்திப்பட்டிலிருந்து வரும் கம்பெனி பஸ், எங்கள் தெரு மூலையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும். பஸ் நிற்கும் நேரத்தில் அவள் பையில் கிடக்கும் போன் எங்கள் வைபையைக் கண்டுபிடித்துத் தானாக ஒட்டிக்கொள்கிறது. பழகிய வைபையை மறக்கச் சொல்லி போனில் ஒரு பொத்தான் உண்டு. அவள் அதை அழுத்தவில்லை. வேண்டுமென்று அழுத்தவில்லையா, அழுத்தத் தோன்றவில்லையா என்று யார் எனக்குச் சொல்வது?

அன்றிலிருந்து ஐந்தரைக்கெல்லாம் எனக்கு முழிப்பு வந்துவிடும். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்ப்பேன். 5:52, சில நாள் 5:54. 'பாப்பா' என்று பட்டியலில் வந்து உட்காரும். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு போய்விடும். அந்த இரண்டு நிமிடமும் என் மகள் என் வீட்டில் இருந்ததாக வைத்துக்கொள்வேன். மூலை என்ன, நூறு காலடி. எழுந்து நடந்திருந்தால் ஆளையே பார்த்திருக்கலாம். கால் வரவில்லை. வாசலை மிதிக்காதே என்று சொன்ன வாய் கூடவே வருமே.

சிக்னல் மூலைவரை நன்றாக எட்டட்டும் என்று ரவுட்டரைத் தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

"இன்னாயா இது, காக்காவுக்கு சோறு வெக்கிற எடத்துல கட்டிக்கீற?" என்றாள் கங்கம்மா.

"காத்து படணும். சூடாவுது" என்றேன்.

அவள் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனாள்.

ஐப்பசியில், செவ்வாப்பேட்டையில் இருக்கும் அவள் அக்கா முத்தம்மாளுக்குக் கண் ஆபரேஷன். நாலு நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கங்கம்மா போனாள். அந்த நாலு நாளும் 'பாப்பா' சரியாக வந்தது. ஆனால் இருபது நொடி. பதினெட்டு நொடி. இருபத்திரண்டு நொடி. மறுபடி இருபது நொடி. எனக்குப் பேஜாராகிவிட்டது. மழையில் ஆன்டெனா நனைந்துவிட்டதோ என்று துடைத்தேன். கோணத்தை மாற்றினேன். பவரைக் கூட்டினேன். என் இரண்டு நிமிடத்தை எவனோ திருடிவிட்டது போல அந்தப் பெட்டியைத் திட்டினேன்.

நாலாம் நாள் இரவு கங்கம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் ஒயர் கூடையோடு கிளம்பினாள். அன்றைக்கு இரண்டு நிமிடம் பத்து நொடி.

போர்வைக்குள்ளேயே படுத்திருந்தேன். சும்மாவா சொன்னேன், ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று கேட்பவன் என்று. ஓடினாலும் ஏன் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் பஸ் ஏற இருபது நொடி போதும். மீதி நேரம் பஸ் எதற்காக நிற்கிறது? நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இட்லி மாவு ஏன் மூன்று நாளைக்குமேல் வருவதில்லை? பால் பாக்கெட் வாங்கப் போகிறவளுக்கு அவ்வளவு பெரிய கூடை எதற்கு?

மறுநாள் அவள் போன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பஸ் டிரைவர் கோபால் டீக்கடையோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கங்கம்மா வாங்கிக் கொடுத்த டீயாகத்தான் இருக்கும். பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே கங்கம்மா அண்ணாந்து நின்றாள். ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டது. அப்புறம் அதே கை கங்கம்மாவின் தலைமுடியைச் சரிசெய்தது. முகம் தெரியவில்லை. கை மட்டும்தான் தெரிந்தது.

கீழே வந்து படுத்துக்கொண்டேன். கத்த வேண்டும் போல இருந்தது. பதினொரு மாதமாக என் பொண்டாட்டி என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாள். இதிலும் கடைசியாகத் தெரிந்தது எனக்கு. ஆனால் கத்தினால் அந்த இரண்டு நிமிடமும் நின்றுபோகும். கத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபமே இல்லை, பொறாமை. அவளுக்குக் கை கிடைக்கிறது, எனக்கு ஒரு வரி கிடைக்கிறது.

என் புது மூளைக்கு இன்னொரு வித்தையும் தெரியும். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மூன்று பெயரில் வைபை விடலாம். பழைய பெயர் அப்படியே இருக்கும். இன்னொரு பெயரும் காற்றில் போகும், பக்கத்தில் வைபையைத் திறக்கிற யார் போனிலும் தெரியும். பெயர் என்னவாகவும் இருக்கலாம். அன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். அரை மணி நேரம் வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'மன்னிச்சிடு' என்று அடித்தேன்.

ஏற்கவில்லை. பெயர் நீளம் அதிகம் என்றது. ஒரு பெயருக்கு முப்பத்திரண்டு இடம்தான். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் மூன்று இடம் பிடிக்குமாம், அதன் புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக மூன்று மூன்று. விரல் விட்டு எண்ணினேன். முப்பத்து மூன்று. ஒரே ஒரு இடம் போதவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பார்த்தேன். லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் மெசேஜ் மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். பிறகு 'பாப்பா வா' என்று அடித்தேன். இடம் மிச்சமே இருந்தது.

ஏழு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு அந்தோணி மதில் வழியாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, போன தொறந்தா 'பாப்பா வா'ன்னு வருது. யாருண்ணே யார கூப்புட்றது?"

"எவன் எவள கூப்ட்டா உனக்கு இன்னா? உன் வேலைய பாரு."

"உங்க ஊட்லேர்ந்துதான் புல்லா சிக்னல் கீது" என்றான். அவன் சிரித்ததாகத்தான் தெரிந்தது. ஆனால் கிண்டல் செய்யவில்லை. உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை 5:53. பட்டியலில் 'பாப்பா' வந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். மூன்று நிமிடம் நாற்பது நொடிக்குப் பஸ் கிளம்பும் ஹார்ன் சத்தம் கேட்டது.

கங்கம்மா வந்து பாலை அடுப்பில் வைத்தாள். திரும்பாமலே பேசினாள்.

"பஸ்ல இருக்குற பொண்ணுங்க எல்லாம் போன எடுத்துப் பாத்து சிரிக்குதுங்க. அவ மட்டும் அழுவுறா."

நான் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். யார் என்று நானும் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை.

"இன்னா சொன்னா?"

"வாசல மிதிக்காதன்னு வாயால சொன்னவரு, காத்துல எழுதினா நான் வந்துருவனாம்மான்னு கேட்டா. நேர்ல வந்து வாயால கூப்புட சொல்லுன்னா. ஸ்டீபனையும் சேத்து கூப்புடணுமாம்."

பால் பொங்கியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் வந்து சொல்லித் தர முடியாது. நீயே போய் நில்லு" என்றாள்.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கே மூலையில் போய் நின்றேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததை டீக்கடைக்காரம்மா கன்னியம்மா சொல்லித்தான் பார்த்தேன். கையில் கங்கம்மாவின் ஒயர் கூடை. பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். கோபால் என்னைப் பார்த்துவிட்டு, டீ கேட்காமலேயே இன்ஜினைப் போட்டபடி உட்கார்ந்திருந்தான்.

ஸ்நேகா இறங்கி வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் கூடையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஸ்டீபன் கேட் பாஸ்..." என்றேன். "அது நாந்தான்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிலேர்ந்தே. அவருக்கும் தெரியும்."

இதிலும் நான்தான் கடைசி. அவர்கள் தெரிந்துகொண்டே பதினொரு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரு ஆலையே நடுங்கும்படி கத்துகிற தொண்டை, "மன்னிச்சிடு" என்று சொன்னபோது காற்றாகத்தான் வந்தது.

"இன்னா? இன்ஜின் சத்தத்துல கேக்கல நைனா."

கேட்டிருக்கும். என் மகளை எனக்குத் தெரியாதா? இன்னொரு தரம் சொன்னேன், சத்தமாகவே. பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னலுக்கு வந்தது.

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். அவள் கை என் சட்டையின் தப்பான பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டது.

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் வாங்க" என்றேன்.

"அவர நீ கூப்புடு. போன்ல வேணாம், நேர்ல வா. அத்திப்பட்டு இன்னா அமெரிக்காவா?" என்றாள். படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள். "அந்த ரெண்டாவது பேர எடுத்துடு நைனா. மானம் போவுது. அபாயம் 440 போதும். டெய்லி இந்த முக்குல போன கையில வெச்சினுதான் வருவேன். அது ஒட்டிச்சின்னா நம்ம ஊடு வந்துட்ச்சின்னு அர்த்தம்."

கோபால் ஹார்ன் அடித்தான். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக 'பாப்பா வா'வை அழித்தேன். பட்டியலில் 'பாப்பா' இன்னும் இருந்தது. பஸ் போய் நேரக்கணக்கு நின்ற பிறகும் கொஞ்ச நேரத்துக்கு ரவுட்டர் பெயரை மட்டும் வைத்திருக்கும். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கங்கம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கூட எங்க?"

"அவகிட்ட குடுத்துட்டேன்."

"நாளைக்கு திருப்பிக் குடுப்பா, வாங்கினு வா" என்றாள். ஜன்னல் வழியாக மூலையைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த இரண்டு நிமிடத்தைத் தவிர வேறு என்ன இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இனிமே பால் நீயே வாங்கினு வா. நான் மாடியிலேர்ந்து பாத்துக்கிறேன்."

"ரெண்டு பேரும் போலாம்" என்றேன்.