கால் பாக்கி

1897ஆம் வருஷம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கத்துக் கூலி லைனில் பரிசுத்த ஆவியின் விலை, ஷிப்டுக்கு அரை மெழுகுவர்த்தி. கால் வத்திக்குக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது.

சரக்கு வந்து இறங்கியது அதற்கு முந்தின மழைக்காலத்தில். வேலூரிலிருந்து வந்த உபதேசியார் ஒருவர் தகரக் கோயிலில் ஒரு வாரம் எழுப்புதல் கூட்டம் நடத்தினார். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடுகிறவன் மடையன் என்று கடைசி நாள் அவர் தொண்டை கட்டப் பேசி முடித்தபோது, சபையார் தரையில் புரண்டு அழுதார்கள். கள்ளுக் கலயங்கள் உடைந்தன. வருஷக்கணக்காகப் பேசாத சம்பந்திகள் கட்டிக்கொண்டார்கள். எழுந்து நின்றவர்களில் பதினேழு ஆண்களுக்கு உச்சந்தலை எரிந்தது. சூடில்லை, புகையில்லை, நல்ல நெய்விளக்கின் வெளிச்சம். மறுநாள் வெறுந்தலையோடு ஷாப்டில் இறங்கினார்கள். மற்றவர்களைப்போல் மேஸ்திரியிடம் கூலியில் பிடித்தம் கொடுத்து மெழுகுவர்த்தி வாங்கும் தேவை அவர்களுக்கு இல்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் பக்கத்தில் நின்று அதே வெளிச்சத்தில் பாறை குடைந்தார்கள். தை மாதம்வரை எல்லாம் இலவசம்.

முதல் வத்தியை யாரோ நன்றிக்காகத்தான் கொடுத்தார்கள். நன்றியை வாங்கிப் பழகியவன் மறுநாள் அதைக் கேட்பான்; கடைத்தெரு அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சேர்ந்த வத்திகளைக் கடையில் மாற்றி, பதினேழு பேரில் ஒருவனான ஏசுபாதம் மனைவிக்குச் சேலை எடுத்தான். "இன்னாய்யா, பரிசுத்த ஆவியவே விக்கிறியா?" என்றாள் லூயிசா. "விக்கல லூயிசா, வாடகைக்கு உடறேன்." சேலையை அவள் கட்டவேயில்லை.

கொடுக்காதவனும் வெளிச்சத்தில் நடந்துவிடுகிற நஷ்டத்துக்கு ஏசுபாதம்தான் வழி கண்டான்: தலைப்பாகை. மரக்கால்தான் கூடாது, தலைப்பாகையைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சபையில் வாதாடி வென்றான்.

சித்திரையில் ஒரு நாள் ஷிப்டு தொடங்கி, பாறைக்குள் போகும் லெவல் பாதையில் நடக்கையில் காத்தவராயன் பின்னால் வந்தான். ஆறு வருஷமாக ஏசுபாதம் பிடித்த உளியில் சம்மட்டி அடித்தவன். ஒரு நாளும் அடி கையில் விழுந்ததில்லை. "அண்ணே, கொயந்தைக்கு ஜொரம். வத்திய வித்துக் கஞ்சி வச்சோம். நாளைக்குத் தரேன், கூட வரட்டா?"

"நாளைக்குன்னு சொன்னவங்க ரொம்பப் பேருப்பா."

ஏசுபாதம் துணியை இறுக்கி, முன்பக்கம் விரற்கடை மட்டும் திறந்து, தன் காலடிக்குப் போதுமானதை வைத்துக்கொண்டு நடந்தான். பின்னால் கல் தள்ளும் குழியில் அலறல் கேட்டபோது அவன் முதலில் தலைப்பாகையைத்தான் தொட்டுப் பார்த்தான். இதை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் அவனே எழுந்து சாட்சி சொன்னான். காத்தவராயனுக்கு இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

மற்றப் பதினாறு விளக்குகள் எப்போது அணைந்தன என்று தெரியவில்லை. துணிக்குள் யார் பார்ப்பது? அந்தக் கோயிலில் மட்டும் ஆண்கள் தலைப்பாகையைக் கழற்றாமலே ஜெபம் செய்தார்கள். ஏசுபாதத்தின் விளக்கு அணையவில்லை. எடுத்துக்கொள்ளும்படி முழங்கால் தேய மன்றாடினான். அவன் வெட்கிக் கூசக்கூச அது கூடியதுதான் மிச்சம். மூன்று மடிப்புத் துணியைத் தாண்டித் தெரிந்தது. "அரை வத்திக்குக் கால் வாங்குனவன் வராம்பா" என்று லைன் முழுக்க வழிவிட்டது.

கடைசியில் துணியை வீசிவிட்டு, அந்திதோறும் வேலை முடிந்ததும் காத்தவராயன் குடிசை வாசலில் போய் உட்கார்ந்தான். காத்தவராயன் மனைவி பார்வதம்மா ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அரிசியில் கல் பொறுக்க முறத்தை அங்கேதான் கொண்டுவந்தாள். காத்தவராயன் தினமும் ஒரே வார்த்தைதான் சொன்னான்: "வாண்ணே. இன்னிக்கும் வத்தி இல்ல." சொன்னதும் ஏசுபாதத்தின் தலை குப்பென்று எரியும். நாளடைவில் மூவருக்கும் அது பழகிவிட்டது. வெளிச்சம் போதாவிட்டால் பார்வதம்மா முறத்திலிருந்து நிமிராமலே, "கல்லு தெரில, அண்ணங்கிட்ட இன்னொரு வாட்டி சொல்லுய்யா" என்பாள். அவன் சொல்லுவான்.

1905 முடிய கணக்கு இது. வரவு, அரை அரையாக மெழுகுவர்த்தி ஒரு பெட்டி. செலவு, எட்டு வருஷத்து வெளிச்சம். பாக்கி, கால்.