எங்கள் கர்ட்டன் கடைப் பக்கத்தில் அடுத்தவன் விளம்பரம்

என் கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் கர்ட்டன் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தான். கடை வாசல் படம், நான் தைத்த கர்ட்டன்களின் படம், என் வீட்டுக்காரரின் ஃபோன் நம்பர். எல்லாம் இலவசம் என்றான். இலவசத்தின் லட்சணம் மறுநாளே தெரிந்தது. நான் மாங்கு மாங்கென்று மடிப்பு வைத்துத் தைத்த நீலக் கர்ட்டனுக்கு நேர் கீழே, பெரிய கடைக்காரன் ஒருவனின் விளம்பரம் பல்லை இளித்தது: ‘ரெடிமேட் கர்ட்டன், பாதி விலை!’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை எங்களுடையது, கூவி விற்பது அவனா?

போதாக்குறைக்கு, ஃபோனில் வரும் ஆர்டரும் படுத்துவிட்டது. அளவெடுக்க வாருங்கள் என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை என்றார் வீட்டுக்காரர். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். எல்லாம் அந்த விளம்பரத்தின் வேலை என்று முடிவுகட்டி, கொழுந்தனைப் பிடித்து உலுக்கினேன்.

“அண்ணி, வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினா விளம்பரமே வராது.”

வெட்டும் மேசையில் குனிந்திருந்த வீட்டுக்காரரைத் தோளில் தட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கு? யாரு பாக்கப் போறா?” என்றார்.

“ஊரே பாக்குது, அந்தப் பெரிய கடைக்காரன் கர்ட்டனை!”

கொழுந்தன் சிரித்தான். “ஊரெல்லாம் பாக்காது அண்ணி. அவங்கவங்க எதைத் தேடினாங்களோ, அதுக்கேத்த மாதிரிதான் விளம்பரம் வரும். நீங்க அந்தக் கடை விலையைத் தேடியிருப்பீங்க.”

தேடியிருந்தேன். தினமும் தேடியிருந்தேன். அசடு வழிந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. எங்கே, எல்லாரும் ஃபோனை எடுங்கள் என்றேன். கொழுந்தனின் ஃபோனில் எங்கள் பக்கத்தைத் திறந்தால் மோட்டார் சைக்கிள் பாய்ந்து வந்தது. வீட்டுக்காரர் மட்டும் தன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். விடுவேனா? பிடுங்கிப் பார்த்தேன்.

என் நீலக் கர்ட்டனுக்குக் கீழே காது கேட்கும் கருவி. பக்கத்தில் இன்னொன்று, ‘மாட்டியிருப்பதே தெரியாது!’ என்ற உத்தரவாதத்தோடு.

“அதுவா வந்துருச்சு,” என்றார். முகம் சிவந்துவிட்டது.

கொழுந்தன் விவரமானவன். டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டான்.

“அப்போ, யாரும் கூப்பிடலைன்னு சொன்னது?” என்று கேட்டேன்.

“கூப்பிடத்தான் செய்யறாங்க. நேர்ல பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன். ஃபோன்ல ஒண்ணும் பிடிபடல. எத்தனை தடவைதான் ‘என்ன, என்ன’ன்னு கேக்கறது? அதான் ஃபோனை சைலண்ட்ல போட்டு, எடுக்கறதையே விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா, நீங்க கடைக்கு வர வேண்டாம், வீட்டுலயே இருங்கன்னு சொல்லிடுவியோன்னு பயம்.”

முகம் தெரியாத எவனையோ கரித்துக்கொட்டினேனே தவிர, பக்கத்தில் நிற்கிற மனுஷனைக் கவனிக்கவில்லை.

“நீங்க வீட்டுல உக்காந்தா துணியை யாரு வெட்டுவா? நான் வெட்டினா ஒரு பக்கம் தரையைக் கூட்டும், இன்னொரு பக்கம் முட்டியில நிக்கும்,” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பணம் கட்டி விளம்பரத்தை ஒழித்தோம். கருவியை அந்த விளம்பரக்காரனிடம் வாங்கவில்லை; அவ்வளவு ரோஷமாவது எனக்கு வேண்டாமா? டாக்டரிடம் காட்டி, பொருத்தமானதாகப் பார்த்து வாங்கினோம்.

அதை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்த முதல் நாள், ஃபோன் அடித்ததுதான் தாமதம், எடுத்துவிட்டார். “ஆமாங்க, கர்ட்டன் கடைதான். நாளைக்கே வந்து அளவெடுத்துக்கறோம்!” குரலில் அப்படியொரு மிடுக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் தையல் மெஷினை ஓட்டினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “இந்த மெஷின் இவ்வளவு சத்தமா போடுது?”

“எப்பவும் போடறதுதான்.”

“இத்தனை நாளும் இதுலயா உக்காந்திருந்தே? எண்ணெய் போடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன்,” என்றேன். “நிறைய தடவை சொன்னேன்.”

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து மெஷினுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார்.