கிரான்தமில் நிற்காத ரயில்

காலையிலிருந்து செங்கல் சுமந்ததில் முழங்கால் விண்விண் என்று தெறித்தது. லீட்ஸில் முதலில் வந்த லண்டன் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "ஒரே டிக்கெட்டா வாங்காதடா. கிரான்தம் வரைக்கும் ஒண்ணு, அங்கேருந்து இன்னொண்ணு வாங்கு. பாதிக் காசுதான் ஆகும்" என்று கூட வேலைசெய்யும் டெர்மட் சொன்னபடி இரண்டாக வாங்கியிருந்தேன்.

டிக்கெட் பார்க்கும் பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வண்டி கிரான்தம்ல நிக்காதே, கண்ணு."

"நான் அங்க இறங்கலையே?"

"நீ இறங்க வேணாம். வண்டி நிக்கணும். ரெண்டா பிரிச்சு வாங்கினா அதான் சட்டம். எந்தப் புத்திசாலி சொல்லிக்குடுத்தான்?"

திங்களன்று லண்டனில் விமான நிலையக் கட்டட வேலையில் சேர வேண்டும். என் பேரில் வழக்கு இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கோர்ட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"முழு டிக்கெட்டுக்குப் பணம் கட்டு."

"கையில பன்னெண்டு பவுண்டுதான் இருக்கு."

அவள் என் சிமென்ட் படிந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? பேரும் விலாசமும் சொல்லு, எழுதித் தரேன். மூணு வாரத்துல கட்டிட்டா கோர்ட்டு இல்ல."

சொன்னேன். அவள் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். புது வேலையில் முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் ரயில்காரர்களுக்கு எழுபத்தெட்டு பவுண்டு கட்டியாக வேண்டும்.