அவள் பெயரில் போன பதிப்பு

அக்கா அவளுக்கு வைத்த பெயர் பொட்டலம். "சம்பளமில்லாம அப்படி என்னடி வேலை?" என்று கேட்டபோது, "யாரோ எழுதுற சின்ன ப்ரோக்ராமை, மாட்யூல்னு சொல்வாங்க, அதை எடுத்து, சரிபார்த்து, எங்க சிஸ்டம் வெச்சிருக்கிறவங்க ஒரே கட்டளையில போட்டுக்கிற மாதிரி கட்டித் தர்றது" என்று இவள் சொல்லப்போக, "அப்போ பொட்டலம் கட்டுறேன்னு சொல்லு" என்று அக்கா சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பகலில் பஸ் டிப்போ அலுவலகத்தில் வேலை. அதற்குக் கிளம்புமுன் இரண்டு மணி நேரம், சமையலறை மேஜையில், ஒரு இலவச இயங்குதளத்துக்காக இந்த வேலை. பதினோரு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் மாட்யூல்கள் அவள் பொறுப்புக்கு வந்திருந்தன.

அதில் ஒன்று தேதிக் கணக்குப் போடுவது. அதன் புதிய பதிப்பு வந்ததும் கட்டிப் பார்த்தாள். கூடவே வரும் சோதனைகளில் மூன்று தோற்றன. அவளும் அக்காவும் குடியேறியிருந்த நாட்டில் குளிர்காலம் தொடங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும் நாள் நடுவில் வந்துவிட்டால், இருபத்தெட்டு நாள் கூட்டச் சொன்னாலும் இருபத்தேழாவது நாளில் போய் நின்றது. எழுதியவருக்குத் தகவல் அனுப்பினாள். "என் மெஷின்ல சரியாத்தானே வருது" என்று ஒரு வரி பதில். பழைய பதிப்பே இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்தாள்.

இயங்குதளத்தின் புது வெளியீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அதன் பொறுப்பாளரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவரே போன் செய்தார்.

"இதை நம்பி இன்னும் முப்பது பேக்கேஜ் நிக்குதும்மா. புதுசை உள்ள விட்டுடேன்."

"தேதி தப்பா வருது. விட மாட்டேன்."

சனிக்கிழமை காலை துணி காயப்போட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். புதிய பதிப்பு எல்லோருக்கும் போய்விட்டிருந்தது. மாற்றக் குறிப்பில் ஒரே வரி: 'சோதனைகள் நிறுத்தப்பட்டன.' அதற்குக் கீழே அவள் பெயர்.

கேப்டனைக் கூப்பிட்டாள்.

"என் பேரை எப்படிப் போட்டீங்க?"

"நான் எங்கம்மா போட்டேன்? பொறுப்பாளர் பேரைத் தானா ஓடுற ஸ்கிரிப்டே எடுத்துக்கும். வெளியீடு முடியட்டும், பார்த்துக்கலாம்."

"அப்போ எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்குங்க."

லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றும் உரிமை அவளுக்கும் இருந்தது. ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. வந்து கெஞ்சட்டும் என்ற வீம்பு. ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, டிப்போவில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்குக் குழந்தைகள் தடுப்பூசி மையத்தில் வரவேற்பு வேலை. அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் இந்தச் சிஸ்டத்தைப் போட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்து கொடுத்தது இவள்தான்.

"நேத்து ஞாயித்துக்கிழமை, பூட்டின கதவு முன்னாடி நாற்பது பேர் கைக்குழந்தையோட நின்னிருக்காங்க. கொட்டுற மழையில. இருபத்தெட்டு நாள் கழிச்சு அடுத்த ஊசிக்கு இன்னிக்கு வர வேண்டியவங்களுக்கெல்லாம் நேத்து தேதி போட்டு மெசேஜ் போயிருக்கு. டாக்டர் எல்லார் முன்னாடியும் என்னைத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவர் எதையோ திறந்து காட்டினார். உன் பேர் இருக்கு."

"அக்கா, அது நான் செய்யல."

"உன் பேர் இருக்குடி!"

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பழைய பதிப்பை ஏற்றினாள். மாற்றக் குறிப்பில் எழுதினாள்: 'முந்தைய பதிப்பு நான் அனுப்பியதல்ல. சோதனைகளை நிறுத்தியது வெளியீட்டுப் பொறுப்பாளர். தேதி தப்பாக வருவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது நாள் சும்மா இருந்தது நான்.'

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"என்னம்மா, ஊரே படிக்கிற இடத்துல இப்படியா எழுதுறது? கொஞ்சம் பக்குவமா எழுதக்கூடாதா?"

"மழையில நின்ன பிள்ளைங்ககிட்ட போய்ப் பக்குவமா சொல்றீங்களா? நம்பர் தர்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அங்கிருந்து நேராக மையத்துக்குப் போனாள். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தின நாள் வந்து திரும்பியவர்களின் பட்டியலைப் பாதியாகக் கிழித்து இவள் முன் தள்ளினாள். இருவரும் ஆளுக்கொரு போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேறு நாள் கொடுத்தார்கள். ஒரு தாய், "ரெண்டு பஸ் மாறி வந்தேன். பிள்ளைக்கு இப்போ காய்ச்சல். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று கத்தினாள். விளக்கம் எல்லாம் வாய் வரை வந்தது. "தப்புதாங்க. நாளைக்குக் காலையிலேயே வாங்க, காய்ச்சலுக்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியீடு நான்கு நாள் தள்ளிப்போனது. 'சிறு புரிதல் குறைபாடு' என்று கேப்டன் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். புரிதலில் ஒரு குறையும் இல்லை, சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று இவள் பதில் போட்டாள். அவளைப் போலப் பொட்டலம் கட்டும் வேறு பதினான்கு பேர் தங்கள் பெயரிலும் இப்படிப் போயிருப்பதாக எழுதினார்கள். அனுப்புகிறவர் பெயர்தான் விழ வேண்டும் என்று ஸ்கிரிப்டை மாற்றினார்கள். கேப்டன் மட்டும் பதவியில் அப்படியே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா இவள் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு, "எங்க கம்ப்யூட்டரை நீ இனிமே தொடாதே" என்றாள்.

"சரி" என்றாள் இவள். அது இவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது?