சிவப்பு, சிவப்பு, பச்சை

இன்றும் தொப்பி சொதப்பினால் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டே ஆராய்ச்சி நிலையத்துப் பெண் ரோஷனக் வேலையை ஆரம்பித்தாள். கோபத்தில் சொன்னதல்ல. நிலையத்திடம் இருந்த தொப்பிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காகக் காத்திருந்த நோயாளிகளோ ஈரானின் யஸ்த் நகரில் மட்டும் ஏராளம். ஒரே ஆளின் தலையில் வாரக்கணக்காக ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட அவளுடைய பேராசிரியர் இனி ஒப்பமாட்டார்.

"இதான் கடைசிச் சோதனை, மாருக் கானும். என்னைத் தப்பா நினைக்காதீங்க." வீட்டு அம்மாளை அவள் மரியாதையாகக் 'கானும்' என்றுதான் அழைப்பாள்.

"நீ என்ன கண்ணு பண்ணுவே? உன் கை நோகாம இருக்கட்டும்," என்றாள் மாருக். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் தொப்பியை விட்டு நகரவில்லை.

துணித் தொப்பிதான். உள்பக்கம் சின்னச் சின்ன உலோக வில்லைகள். தலையில் பசை தடவி மாட்டினால் மூளையில் ஓடும் மின்துடிப்பைப் படித்துவிடும். மாருக்கின் கணவர் இஸ்ஃபந்தியார் மனதுக்குள் ஆமாம் என்று நினைத்தால் திரையில் பச்சை. இல்லை என்று நினைத்தால் சிவப்பு. அவருக்கு அதை விட்டால் வேறு வாய் கிடையாது. யஸ்திலிருந்து பந்தர் அப்பாஸ் வரைக்கும் சளைக்காமல் பஸ் ஓட்டிய மனிதர். நரம்பு நோய் முதலில் கையைப் பிடுங்கியது, பிறகு காலை, நாக்கை, கடைசியில் கண்ணிமையையும். மிஞ்சியது காதும் புத்தியும்தான். அவை இரண்டும் பழுதில்லாமல் இருந்தன.

இமை கொஞ்சம் அசைந்துகொண்டிருந்த காலத்தில், மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் அவர்மேல் குனிந்து கேட்டார். மூச்சு அடங்கும் கட்டம் வரும்போது தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தோடு இணைக்கட்டுமா, இணைத்தால் இன்னும் சில வருஷம் இருக்கலாம் என்றார். இஸ்ஃபந்தியார் வேண்டாம் என்று இமைத்தார். மருத்துவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இப்போது மூச்சு தேய்ந்துகொண்டே வந்தது. குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்றார்கள். அந்த 'வேண்டாம்' மாருக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இன்னொரு முறை அவரைக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. ஆனால் சோதனையில் தேறாத தொப்பியின் பேச்சை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். பழைய பதிலே நிலைத்துவிடும். அதோடு அவரும் போய்விடுவார்.

சோதனையில் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை கேட்பார்கள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் கணக்கில் சேரும்.

"உங்க பேர் இஸ்ஃபந்தியாரா?" பச்சை, பச்சை, பச்சை.

"நீங்க லாரி ஓட்டினீங்களா?" மூன்றும் சிவப்பு. கேட்டு முடிக்கும் முன்பே வந்து விழுந்தன.

"பஸ்காரரைப் போயி லாரிக்காரர்ங்கறியே, கோபம் வராதா?" என்று மாருக் சிரித்தாள்.

அடுத்தது தேவைகளைக் கேட்கும் பகுதி. தினமும் குடியைக் கெடுப்பது இதுதான்.

"தலையணையை உயர்த்தி வைக்கட்டுமா?" சிவப்பு. சிவப்பு. பச்சை.

"போர்வை போர்த்திவிடட்டுமா?" சிவப்பு. சிவப்பு. பச்சை.

"ரேடியோ வைக்கட்டுமா?" அதற்கும் அதே கதை.

ரோஷனக் பெருமூச்சு விட்டாள். "பாத்தீங்களா? பேரு, தொழில்னு கேட்டா புலி. என்ன வேணும்னு கேட்டா உளறுது. மூணாவது தடவைதான் மெஷினு சூடு பிடிக்குதுங்கறாரு எங்க பேராசிரியர்."

"அப்ப பேரைக் கேட்டப்ப மட்டும் எப்படிச் சூடா இருந்துச்சாம்?"

"அதுதான் யாருக்கும் புரியல, கானும்." அவள் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினாள்.

மாருக்குக்கு ஓவென்று கத்தி அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? அடுப்படிக்குப் போய்த் தேநீரும், சர்க்கரைப் பொடியில் புரட்டிய பாதாம் பலகாரமான குத்தாப்பும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"எடுத்துக்கோ கண்ணு."

"ஐயோ வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு."

"சத்தியமா வேண்டாம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"என் தலைமேல ஆணை, எடு."

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று கை நீட்டியவள் ஒன்றை விழுங்கி, இரண்டாவதையும் முடித்து, மூன்றாவதையும் வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து பட்டினி. மூக்கு நுனியெல்லாம் சர்க்கரைப் பொடி.

மாருக் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன் கண்ணு, இவ்வளவு பசியை வெச்சுக்கிட்டு முதல்ல ஏன் வேண்டாம்னே?"

"அது சும்மா... தாரோஃப்தான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோஷனக்கின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. இருவரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஊரில் முதல் அழைப்புக்கே கை நீட்டுகிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். இரண்டு முறை மறுப்பது மரியாதை, மூன்றாம் முறை மசிவது முறை. இஸ்ஃபந்தியாரோ தாரோஃப் என்னும் அந்த உபசார வித்தையில் மன்னன். ஒரு கல்யாண வீட்டு வாசலில் அவரும் சகலையும் 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க முதல்ல' என்று நின்றதில் பின்னால் வந்த கூட்டம் வெயிலில் வெந்தது. அப்பேர்ப்பட்டவர், வீட்டுக்கு வந்த பெண் தலையணையை உயர்த்தவா என்றால் உடனே சரி என்பாரா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஆராய்ச்சிக்காரர்களும் இதே மண்ணில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் மூன்று வேளையும் தாங்களே செய்கிற காரியத்தை மூளைத்துடிப்பில் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை.

மாருக் அவர் காதருகே குனிந்தாள். "இந்தாங்க, கேட்டுக்கங்க. இவ விருந்தாளி இல்ல, வேலைக்கு வந்தவ. இவகிட்ட தாரோஃப் கிடையாது. வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்."

ரோஷனக் மறுபடி கேட்டாள். தலையணைக்கு மூன்றும் பச்சை. போர்வைக்கு மூன்றும் பச்சை. ரேடியோவுக்கு மூன்றும் சிவப்பு; அது நிஜமாகவே வேண்டாமாம், முன்பு மூன்றாம் தடவை மசிந்ததும் மரியாதைக்குத்தான்.

"தேறிட்டாரு கானும்! தேறிட்டாரு!" என்று ரோஷனக் குதித்தாள். மாருக் குதிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"அந்த டாக்டர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்," என்றாள்.

ரோஷனக்குக்குப் புரிய ஒரு கணம் ஆனது. திரையை மாருக்கின் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாருக் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இஸ்ஃபந்தியார் ஜான், தொண்டையில குழாய் போட்டு மெஷின் வெக்கட்டுமா? எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

சிவப்பு.

"உங்களுக்காக உயிரையே குடுப்பேன், இதெல்லாம் ஒரு வேலையா எனக்கு? வெச்சுக்கலாமா?"

சிவப்பு.

மூன்றாவது கேள்வியை அவள் உடனே கேட்கவில்லை. இதற்கும் சிவப்பு வந்தால் அதுதான் முடிந்த முடிவு. அதற்குமேல் கேட்பது முறையாகாது. எனக்காக ஒத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினால் உடனே பச்சை வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். ஆனால் அதுவும் தாரோஃப்தானே? அப்படியொரு பச்சையை வாங்கி வைத்துக்கொண்டு அவரை வருஷக்கணக்கில் படுக்கவைக்க அவளுக்கு மனம் துணியவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சிரமமே இல்லை, இதெல்லாம் ஒரு வேலையா என்று தான் மட்டும் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம்? நோய் வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்னதெல்லாம் இதே உபசாரப் பேச்சுதான். உடம்பு அசையாவிட்டாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுவது அவர் காதில் விழாமலா இருக்கும்?

"பொய் சொன்னேன்," என்றாள். குரல் உடைந்தது. "கஷ்டம்தான். இடுப்பு போயிடுச்சு. தூக்கம் போயிடுச்சு. மெஷின் வந்தா இன்னும் மோசமாகும். சில நாள் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். உங்களுக்கும் வலிக்கும், சலிப்பா இருக்கும். வேண்டாம்னா வேண்டாம்தான், நான் தாங்கிக்கறேன். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன். இருக்கீங்களா?"

 திரையில் பச்சை வந்தது.

மாருக் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரோஷனக் மூக்கை உறிஞ்சியபடி, "கணக்குக்கு மூணும் ஒண்ணா வரணும், கானும். இன்னும் ரெண்டு தடவை கேட்டுடுங்க," என்றாள்.

"இருக்கீங்களா?" பச்சை.

"இருக்கீங்களா?" பச்சை.

"அட மனுஷா," என்று மாருக் அவர் கையில் நெற்றியை வைத்து விம்மினாள். "மூச்சு வேணும்னு கேக்கறதுக்குக்கூடவா வெக்கம்?"