ஜவுளிக்கடையில் துளிர்த்த முக்காலிகள்

1994-ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசி வாரத்தில், திருநெல்வேலி டவுன் கீழ ரதவீதியில் உள்ள ஆவுடையம்மாள் ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில், பாலம்மாள் உட்காரும் முக்காலி துளிர்த்தது. சுவரை ஒட்டியிருந்த காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அரிசி மணி பருமனுக்கு ஒரு பச்சை முளை தெரிந்தது. மறுநாள் அது இலையாக விரிந்தது. பூவரச இலை. கடை கூட்ட வந்தவர்கள் பார்த்தார்கள், சுற்றிலும் கூட்டிவிட்டுப் போனார்கள். அன்று காலையில் சுங்குடிச் சேலைகள் புதுச்சரக்கு வந்து இறங்கியிருந்ததால் எல்லோருக்கும் கை நிறைய வேலை இருந்தது.

அந்தக் கடைக்கு முக்காலி வந்ததையே முதலில் சொல்ல வேண்டும். முதலாளி சிவசண்முகத்தின் அப்பா காலத்தில் தரையில் பஞ்சு மெத்தை விரித்து, வெள்ளைத் துணி போர்த்தி, விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து சேலை பார்த்தார்கள். 1983-ல் கடையை இடித்துக் கட்டியபோது மெத்தை போய் இடுப்பளவு உயரத்தில் கண்ணாடி மேஜைகள் வந்தன. வேலையாட்கள் உட்காரக் கூடாது என்று யாரும் உத்தரவு போடவில்லை. மேஜை உயரமாக இருந்தது, அதன் பின்னால் உட்கார ஒன்றும் போடவில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வருஷத்தில் அதுவே உத்தரவாகிவிட்டது. சிவசண்முகத்தின் மனைவிக்குத் தம்பியும் கடையில் கூட்டாளியுமான காந்திமதிநாதன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெண்களுக்குப் பின்புறமாக நாள் முழுக்க நடந்து அந்த உத்தரவைக் காத்துவந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவரும் உட்கார்ந்ததில்லை.

சிவசண்முகம் அதிகம் பேசாதவர். வாடிக்கையாளர் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தே பட்டு கேட்பார்களா பாலியெஸ்டர் கேட்பார்களா என்று சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவர் தன் கடைப் பெண்களின் செருப்பைக் கவனிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் கடை அடைக்கிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தவர், வெளியே போன பெண்கள் எல்லோருமே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவதைப் பார்த்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கேட்டார்.

பதில் சொன்னவள் ஜாய்சி. உவரிக்காரி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, டவுனில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தவள். யாருக்கும் வாயடைத்து நின்று பழக்கமில்லாதவள். "காலைல நாங்க செருப்புல வாறோம் அண்ணாச்சி. சாயங்காலம் செருப்பு எங்க கையில வருது. அதுக்கும் கால் வலிக்கும்லா?"

பெண்கள் சிரித்தார்கள். சிவசண்முகம் சிரிக்கவில்லை, பாலம்மாளின் காலைப் பார்த்தார். சீவலப்பேரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வரும் பாலம்மாள்தான் சேலைப் பிரிவில் மூத்தவள். முகத்தைப் பார்த்து நிறம் எடுப்பதில் அவளுக்கு நிகர் அந்த வீதியிலேயே இல்லை. மணப்பெண்ணின் தாய் பச்சை கேட்டு வந்தாலும் மணப்பெண் மனதில் இருந்த அரக்கையே எடுத்துப் போடுவாள். அவள் பாதம் வீங்கிப் பளபளத்தது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடந்தன. நிற்கிற வேலையை விடாவிட்டால் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். கடையை விட்டால் நாற்று நடத்தான் போக வேண்டும், அதுவும் நிற்கிற வேலைதான்.

சிவசண்முகம் மறுவாரமே சீவலப்பேரியில் வன்னியராஜ் என்ற தச்சரிடம் சேலைப் பிரிவுக்கு ஏழு முக்காலி செய்யச் சொன்னார், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் முகம் தெரிகிற உயரத்தில். தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆற்றங்கரையில் சாய்ந்த பூவரசு ஒன்று வன்னியராஜிடம் பலகையாகக் கிடந்தது. வைகாசியில் முக்காலிகள் வந்தன. "உக்காந்தா வியாபாரமும் உக்காந்துரும் அத்தான்" என்றார் காந்திமதிநாதன். "உக்காந்து வித்துத்தான மாப்ள எங்க அப்பா இந்தக் கடையக் கட்டுனாவ" என்றார் சிவசண்முகம்.

பெண்கள்தான் உட்காரவில்லை. முக்காலி மேல் ஜாக்கெட் துணிக் கட்டுகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள். காந்திமதிநாதனின் செருமல் கேட்டாலே முதுகு நிமிர்ந்துவிடும். சிவசண்முகம் தினமும் காலையில் வந்து அந்தக் கட்டுகளைத் தன் கையால் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். இப்படியே ஆனி மாதம் பாதி கழிந்தது. ஒருநாள் மத்தியானம் பாலம்மாள் பைய உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஒரு வாத்தியார் வீட்டம்மாளுக்குச் சேலை காட்டினாள். அந்த அம்மாளும் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். வழக்கமாக ஒன்று எடுக்கிறவர் அன்று மூன்று எடுத்தார். பாலம்மாளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம்தான் அந்த முளை வந்தது.

பச்சை மரத்தில் செய்து ஏமாற்றிவிட்டதாகக் காந்திமதிநாதன் ஆள் அனுப்பி வன்னியராஜை வரவழைத்தார். வன்னியராஜ் முக்காலியைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "ரெண்டு கோடை காய்ஞ்ச மரம் அண்ணாச்சி. தட்டிப் பாருங்க, வெங்கலம் மாதிரி கேக்கும். செத்த பலகைய முளைக்க வைக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு உளி பிடிக்கேன், தோப்புல்லா வச்சிருப்பேன்?" என்றார். தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தார்கள், வரவில்லை. மூன்று கால்களும் மொசைக் தரைக்குள் இறங்கியிருந்தன. தரையில் கீறல் கூட இல்லை. ஆவணிக்குள் ஏழு முக்காலிகளும் துளிர்த்தன. ஓரிடத்தில் நிலைத்து உட்காராத ஜாய்சியின் முக்காலிதான் கடைசி. "எனக்கு மட்டும் மலட்டுக் கட்டையக் குடுத்திட்டீயளே" என்று அவள் தச்சரைத் திட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அதுவும் இரண்டு இலை விட்டது.

பெண்கள் குடிக்கிற தண்ணீரில் பாதியை முக்காலிக் காலில் ஊற்றினார்கள். அதுவரை அவர்கள் கடையில் தண்ணீர் குடிப்பதே அபூர்வம், ஏனென்றால் பெண்களுக்கென்று கழிப்பறை இல்லை. முக்காலிக்காகச் சொம்பு வந்தது, சொம்பு வந்ததால் தாகம் வந்தது, இதைப் புரிந்துகொண்ட சிவசண்முகம் பின்கட்டில் கழிப்பறை கட்டினார். கிளைகள் முதுகுப்பக்கமாக வளர்ந்து தலைக்கு மேலே வளைந்தன. மேஜைக்குப் பின்னால் நிழல் விழுந்தது. பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து சாயங்காலம் சிவந்து வாடும். அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவிலுள்ள ஒரு நிறத்தைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நெசவுக்காரர்களிடம் சொல்லி அதையும் வரவழைத்தார்கள். கவுன் எடுக்க வந்த பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் கடையை இரண்டாக்கின. மேஜைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிற ஜவுளிக்கடை என்று வீதியில் பேர் ஆனது. சாயங்காலம் பெண்கள் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு போனார்கள்.

புரட்டாசியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேலை எடுக்க வந்த ஓர் அம்மாள், மகளுக்கு வரன் அமையாத கவலையில், பாலம்மாளின் முக்காலிக் கிளையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். பத்து நாளில் வரன் அமைந்தது. கல்யாணப் பட்டெடுக்க அதே கடைக்கு வந்து எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கயிறுகள் சேர்ந்தன. குங்குமம் வந்தது. பச்சை மரம் என்று தச்சரை வரவழைத்த காந்திமதிநாதனே குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து பாலூற்றினார். அவர் வேஷம் போடவில்லை. தன் கடையில் தெய்வம் வந்து இறங்கியிருக்கும்போது அதைக் கட்டை என்று நினைத்தோமே என்று உண்மையாகவே கலங்கினார். ஏழு முக்காலிகளுக்கும் சிவப்புப் பட்டு சுற்றி, முன்னால் பித்தளைச் சங்கிலி போட்டார். இனி அதன் மேல் யாரும் உட்காரப்பிடாது என்றார். கடைக்கு முன்பைப்போல் இரண்டு மடங்கு கூட்டம் வந்தது.

பெண்கள் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று சேலை காட்டினார்கள். யாருக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை, பாலம்மாளுக்கும்தான். அவளும் காலையில் வந்ததும் முக்காலியைத் தொட்டுக் கும்பிட்டாள். வேறு முக்காலி போடலாம் என்று சிவசண்முகம் பேச்செடுத்தபோது, சாமிக்குச் சமமாக உட்காருவதா என்று காந்திமதிநாதன் கேட்டார். வீட்டில் மனைவியும் அதையே கேட்டாள். செருப்புகள் மறுபடி கைக்கு வந்தன. ஐப்பசி பிறந்தபோது பாலம்மாளின் கணுக்காலில் காசளவு தோல் கறுத்திருந்தது. தீபாவளியோடு நின்றுகொள்கிறேன் என்று அவள் சிவசண்முகத்திடம் சொன்னாள். சொல்லும்போதும் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அதே வாரம் முக்காலிகளின் இலைகள் பழுத்தன. காந்திமதிநாதன் பாலோடு தேனும் இளநீரும் சேர்த்தார். இலைகள் கொட்டின. ஏதோ தோஷம் என்று பாபநாசம் போய் முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். மொட்டுகளும் கொட்டின.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கடையில் கால் வைக்க இடமில்லாத முற்பகலில், சிவசண்முகம் கல்லாவை விட்டு எழுந்து சேலைப் பிரிவுக்கு வந்தார். பித்தளைச் சங்கிலியைக் கழற்றினார். பாலம்மாளின் முக்காலியில் சுற்றியிருந்த பட்டை அவிழ்த்து மடித்து வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அத்தான்! என்ன செய்யுதிய? குடும்பம் விளங்குமா?" காந்திமதிநாதன் ஓடி வந்தார்.

சிவசண்முகம் அவரைப் பார்க்கவில்லை. "பாலம்மா, உக்காரு."

"ஐயோ, சாமி மேலயா? வேண்டாம் அண்ணாச்சி. எனக்குக் கால் கை விளங்காமப் போயிரும்."

"இப்பவே விளங்கலயே யக்கா. இனி புதுசா என்ன போவப்போவுது?" என்றாள் ஜாய்சி.

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். சிவசண்முகம் மெதுவாகத்தான் பேசினார், ஆனால் வாசல் வரை கேட்டது. "பாலு ஊத்துனோம், தேன் ஊத்துனோம். அது கேட்டது அது இல்ல. நீ உக்காந்ததுலதான் அது துளிர்த்துச்சு. பாவம்னு ஒண்ணு இருந்தா என் தலையில விடியட்டும். நீ உக்காரு தாயி."

பாலம்மாள் முக்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சேலை முந்தியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். காந்திமதிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை, விளக்கு அணையவில்லை. மொட்டைக் கிளையில் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் பூ விரிந்து, காம்பில் நிற்க மாட்டாமல் அவள் மடியில் விழுந்தது. எதிரே நின்ற பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து முதல் தீபாவளி. பாலம்மாள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மடியில் கிடந்த பூவை மேஜை மேல் வைத்து, "இந்தக் கலர்ல எடுக்கட்டா?" என்று கேட்டாள். வியாபாரம் தொடர்ந்தது. மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா முக்காலிகளிலும் பச்சை தெரிந்தது.

கயிறு கட்ட வருகிறவர்களைக் கடையில் தடுக்கவில்லை. உட்கார்ந்திருப்பவர் மேல் கை படாமல் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். பாலம்மாளின் கணுக்கால் கறுப்பு தை மாதத்தில் மறைந்தது. அவள் நிற்கவுமில்லை, வேலையிலிருந்து நிற்கவுமில்லை. மூத்த மகளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினாள். ரதவீதியிலும் வண்ணார்பேட்டையிலும் இருந்த வேறு சில கடைக்காரர்கள் வன்னியராஜிடம் பூவரச முக்காலிகள் செய்து வாங்கிப் போனார்கள். சில கடைகளில் துளிர்த்தன. சில கடைகளில் துளிர்க்கவில்லை, அங்கே வேலையாட்கள் உட்கார்ந்தார்களா என்று வன்னியராஜ் விசாரித்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் ஆவுடையம்மாள் கடைப் பெண்கள் முக்காலியிலிருந்தே இலை பறித்து, அதில் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்தார்கள். நிழலில் மின்விசிறி தேவைப்படாததால் அந்தப் பக்கம் இரண்டைக் கழற்றிப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

காந்திமதிநாதன் இரண்டு வருஷம் முன்போலவே நடந்துகொண்டிருந்தார். ஆனால் பார்க்க எதுவும் இல்லாததால் நடை சுருங்கிக்கொண்டே வந்தது. தொண்ணூற்றேழில் தனக்கும் ஒரு முக்காலி செய்யச் சொல்லி, யாரிடமும் சொல்லாமல் வேட்டிப் பிரிவின் மூலையில் போட்டுக்கொண்டார். தொண்ணூற்றொன்பது கார்த்திகையில் அதில் ஓர் இலை வந்தது, ஒன்றே ஒன்று. அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம முக்காலிதான் வே, நேத்து வரைக்கும் கட்டையாத்தான் கிடந்துது" என்றார்.

சாயங்காலம் பாலம்மாளும் வந்து பார்த்தாள். "தண்ணி நெறைய ஊத்திராதீய அண்ணாச்சி, உக்காந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, மடியில் கிடந்த சிவந்த பூக்களைக் கூடையில் தட்டினாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அது பட் பட்டென்று அடிக்கும் சத்தத்தோடு சீவலப்பேரி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.